குடித்த பிறகு சொல்ல வேண்டிய சொல்

மருந்தைக் குடித்தால் மட்டும் போதாது. குடித்த பிறகு வாயைத் திறந்து ஏதாவது பேசவும் வேண்டும். என் மனைவி போகிற அரசாங்கக் கிளினிக்கில் அதுதான் வழக்கம். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற மலாய் நர்ஸ் பெண்ணை நாங்கள் எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பில் மெத்தடோன் என்கிற சிரப்பை அளந்து ஊற்றி நீட்டுவார். அவர் கண் முன்னாலேயே குடிக்க வேண்டும். மேலே ஒரு மடக்குத் தண்ணீர். அப்புறம் பேச்சு. மருந்தை வாயிலேயே அடக்கிக்கொண்டு போய் வெளியே துப்பி, அடுத்தவனுக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களாம். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு யாராலும் பேச முடியாது. அதற்காக இந்தப் பரீட்சை.

வரிசையில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் 'தெரிமா காசி' என்று மலாயில் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். என் மனைவி மட்டும் "தாயே" என்பாள். முதல் நாள் அவளை அறியாமல் வந்துவிட்டது. கசப்பை விழுங்கிய உடனே எங்கள் மாரியாத்தாளைக் கூப்பிட்டிருக்கிறாள்.

மிஸ்ஸி, அது என்ன என்று கேட்டார். அம்மா என்று அர்த்தம் என்றாள் என் மனைவி. "ஐயோ ஆண்டி, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை!" என்று மிஸ்ஸி மலாயில் சொல்லிச் சிரித்தார். அன்று முதல் அவளை எட்டத்தில் கண்டதுமே "ஹா, தாயே வந்தாச்சு!" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். அந்தக் குரலைக் கேட்டால் என் மனைவி முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

இப்போது அந்தச் சொல் அங்கே கேட்பதில்லை. அது எப்படிப் போயிற்று என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் ஃபாரம் த்ரீ, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றி இறக்குகிற பஸ் ஓட்டுகிறேன். எழுத்து வேலை பழக்கமில்லை. ஆனால் யாரிடம் சொன்னாலும் "விடுங்கண்ணே, ஆத்தா பாத்துப்பா" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். எழுதினால் யாரும் நடுவில் பேச முடியாது.

எல்லாம் ஒரு செம்பனைக் குலையிலிருந்து ஆரம்பம்.

என் மனைவி ஒரு தமிழ்ப்பள்ளியின் கேண்டீனில் சமையல் செய்துகொண்டிருந்தாள். விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் போவாள். ஒரு நாள் நியாலாஸ் பக்கம் ஒரு வளைவில், எண்ணெய் எடுக்கிற செம்பனைப் பழம் ஏற்றிக்கொண்டு முன்னால் போன லோரியிலிருந்து ஒரு குலை உருண்டு விழுந்தது. அதன் கனம் தூக்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். முள்ளும் பழமுமாய்ப் பாறாங்கல் மாதிரி இருக்கும். அதில் மோதி இவள் சாக்கடைக்குள் கிடந்தாள். லோரிக்காரன் நிற்கவில்லை. பின்னால் மோட்டாரில் வந்த தோட்டத்து ஆட்கள்தான் தூக்கினார்கள்.

இடுப்பில் இரும்பு வைத்தார்கள். பச்சையும் மஞ்சளுமாய் ஒரு கேப்சூல் கொடுத்தார்கள். அது இல்லாவிட்டால் அந்த மாதங்களை அவள் தாண்டியிருக்க மாட்டாள். உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒரு கேப்சூல் போட்டால் எழுந்து உட்காருவாள், சாமி படத்துக்கு விளக்கேற்றுவாள், என்னிடம் ரெண்டு வார்த்தை சிரித்துப் பேசுவாள். அந்தக் கேப்சூலையே நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

எலும்பு கூடியதும் ஆஸ்பத்திரியில் அதை நிறுத்திவிட்டார்கள். இனிமேல் சாதாரண பெனடோல் மாத்திரை போதும் என்றார்கள். அவளுக்குப் போதவில்லை. எங்கள் பக்கத்துத் தனியார் கிளினிக்குகளில் பார்க்கிறவரும் டாக்டர்தான், மருந்து கொடுக்கிறவரும் அவர்தான். இடுப்பைக் காட்டினால் தழும்பைப் பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஜாசினில் ஒரு டாக்டர், மெர்லிமாவில் ஒரு டாக்டர், பிறகு சுங்கை ரம்பாய் வரைக்கும் போய் ஒரு டாக்டர். ஒருவருக்கு இன்னொருவரைத் தெரியாது. வழியெல்லாம் அவள் என் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வருவாள். அவளால் போக முடியாத நாளில் அவளுடைய அண்ணனே வாங்கி வருவார்.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மச்சான். நாங்கள் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டின் மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் தலைவர். கோயிலுக்கு ஒட்டினாற்போல வீடு. பூ, கற்பூரம் வாங்க டவுனுக்குப் போகும்போது, தங்கச்சிக்கும் ஒரு நடை கிளினிக்கில் நிற்பார். "தங்கச்சி வலி தாங்க மாட்டா மாப்ள. மருந்துதானே, நல்லாப் போடச் சொல்லு" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். பாசத்தில்தான் செய்தார். அதையும் மறைக்கவில்லை.

அந்த வருஷங்களில் ஆடித் திருவிழாவுக்கு அவள் காப்புக் கட்டிக்கொண்டு பால்குடம் எடுத்தாள். காப்பு என்றால் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அது கையில் இருக்கிற பத்து நாளும் மீன், இறைச்சி, குடி, போதை எதுவும் ஆகாது. கயிற்றைக் கட்டும்போது பூசாரி அதைச் சொல்லித்தான் கட்டுவார். அவள் கயிற்றையும் கட்டிக்கொண்டாள், கேப்சூலையும் போட்டுக்கொண்டாள். அது மருந்தாயிற்றே! இடுப்பில் இரும்போடு வெறுங்காலில் தாரோட்டில் நடந்தாள். முகத்தில் வலியே இல்லை. கண் சொருகி, உதட்டில் ஒரு சிரிப்பு. பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "ஆத்தாவே தூக்கிட்டுப் போறா பாருலா" என்றார்கள். மச்சான் மைக்கில் தன் தங்கச்சியைப் பற்றிச் சொல்லி அழுதார்.

அன்று அவளை நடத்திக்கொண்டு போனது ஆத்தாளா, கேப்சூலா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆத்தாள்தான் என்று நம்பவே ஆசைப்படுகிறேன்.

வீட்டில் மட்டும் அவள் வேறு ஆளாகிக்கொண்டிருந்தாள். அடுப்பில் வெங்காயம் கருகும், இவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவாள். மலம் இறங்காமல் அழுவாள். ஒரு வேளைக் கேப்சூல் தள்ளிப்போனால் மூக்கு ஒழுகும், கொட்டாவி கொட்டாவியாய் விடுவாள், தோல் முழுக்கக் கோழித்தோல் மாதிரி புள்ளி புள்ளியாய் எழும்பும். "வலி திரும்புதுங்க" என்பாள். வலி என்று நானும் நம்பினேன். வலியேதான் அது. ஆனால் இடுப்பு வலி இல்லை. மருந்து கேட்கிற வலி.

ஒரு மத்தியானம் சமையல்கட்டில் வெட்டி வெட்டி இழுத்து விழுந்தாள். நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். கண் வெள்ளையாய் மேலே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். நான் மார்பை நிமிர்த்தித்தான் சொன்னேன்: "போதை கீதை ஒண்ணும் கிடையாது டாக்டர். கோயில் குடும்பம். வலி மருந்து மட்டும்தான்." அந்தச் சீன டாக்டர் என்னை ஏளனம் செய்யவில்லை. காலிப் பொட்டலங்களைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு மலாயில் மெதுவாகச் சொன்னார்: "அங்கிள், நீங்க போதைன்னு சொல்றதும் இந்த மருந்தும் ஒரே குடும்பம். ஒண்ணு ரோட்டுல வளர்ந்த பிள்ளை, ஒண்ணு கிளினிக்ல வளர்ந்த பிள்ளை. உடம்புக்கு வித்தியாசம் தெரியாது."

அளவுக்கு மேல் போட்டால் இந்தக் கேப்சூல் வலிப்பைக் கொண்டுவரும் என்றும் அவர்தான் சொன்னார். ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு கிடந்து துடிக்கும், துடிப்புத் தாங்காமல் திரும்ப அதையே தேடிப் போவார், பல பேர் அப்படித்தான் சாகிறார்கள் என்றார். அதனால் சிரப்பு. மெதுவாக வேலை செய்கிற மருந்து. மயக்கம் தராமல் துடிப்பை அடக்கும். தினமும் ஒரே அளவு, கண் முன்னால். உடம்பு நிலைக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைக்கலாம். சிலருக்கு வருஷக்கணக்காகும் என்றார்.

ஒரு போதையை விடுவதற்கு இன்னொரு போதையா என்று முதலில் எனக்கும் தோன்றியது. பிறகு என் தொழிலை வைத்துப் புரிந்துகொண்டேன். ஆள் நிறைந்த பஸ்ஸை ஒரு பெரிய இறக்கத்தில் இறக்குகிறோம். பயந்துபோய் என்ஜினை அணைத்தால் என்ன ஆகும்? ஸ்டீயரிங் இறுகிவிடும், பிரேக் பிடிக்காது, மொத்தமும் பள்ளத்துக்குள் போகும். கியரைக் குறைத்து, என்ஜின் ஓட ஓடத்தான் இறங்க வேண்டும். கீழே வந்து சேர்ந்த பிறகு அணைத்துக்கொள்ளலாம். சிரப்பு அந்தச் சின்ன கியர். இதை மச்சானிடமும் சொன்னேன். "பஸ்ஸும் மனுசனும் ஒண்ணாலா மாப்ள?" என்று கேட்டார்.

காலை ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிட்டு வந்து அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவேன். வரிசையில் அவள் ஒருத்திதான் பெண். மற்றவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஊசி ஏற்றியவர்கள். கையெல்லாம் வடு. முன்பு லோரி அட்டெண்டாக இருந்த ஒரு தமிழன் முதல் வாரமே கேட்டான்:

"அக்கா, நீங்க எதுலேருந்து வந்தீங்க?"

"வலிக்குக் கேப்சூல் போட்டேன்பா."

"டாக்டர் குடுத்ததா?"

"ஆமா."

"அட, பெரிய இடம்லா! நாங்கல்லாம் லோரோங் சந்துல ஒளிஞ்சு ஒளிஞ்சு வாங்குனோம். உங்களுக்கு ஏர்கோன் போட்ட ரூம்ல, நாற்காலி போட்டுக் குடுத்திருக்கானுங்க!"

வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்த ஆட்களிடம் ஒரு பழக்கம், ஒருவரை ஒருவர் பார்த்தால் "குடிச்சாச்சா?" என்று கேட்பார்கள். "ஏங்க, ஊரான் கேட்டா நம்மளக் கள்ளுக்கடையிலேருந்து வர்றவங்கன்னு நெனைப்பான்" என்று அவள் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். கோயிலில் அவளை இத்தனை சிரித்து நான் பார்த்ததில்லை.

அவள் தேறினாள். நின்றுகொண்டே தூங்குவது போயிற்று. பசி வந்தது. நாக்குக்கு ருசி திரும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே வாய் திறந்து மீன் கேட்டாள். உம்பாய்க்குக் கூட்டிப் போனேன். கடலோரக் கடையில் வாழை இலையில் வைத்துச் சுட்ட மீன். முள்ளை எடுத்து எடுத்து எனக்கு ஊட்டினாள். "இடுப்பு வலிக்குதுங்க. ஆனா வெறும் இடுப்பு வலிதான்" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்க நான் எத்தனை வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டிருப்பேன்! அன்று கடலைப் பார்த்து மனசுக்குள் ஆத்தாளுக்கு நன்றி சொன்னேன். டாக்டருக்கும் மிஸ்ஸிக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

ஆடி வந்தது. மச்சானும் வந்தார்.

வாசலில் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. யாரோ அவளைக் கிளினிக் வரிசையில் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"தங்கச்சி, போதைக்காரனுங்களோட நின்னு போதைத் தண்ணி குடிக்கிறியாமே?"

"அது மருந்துண்ணே. டாக்டர் குடுக்கிறது."

"எந்த மருந்தைலா கண்ணாடி போட்டு, வாயத் தொறந்து பாத்துக் குடுப்பான்? தலைவலிக்குப் போனா அப்படியா குடுக்கிறான்? எனக்கென்ன தெரியாதா? என் கோயில்ல போதை குடிக்கிறவளுக்குக் காப்புக் கிடையாது. இந்த வருஷம் பால்குடம் உனக்கு இல்ல."

அவள் வெளிறிப்போனாள். நான் குறுக்கே பேசினேன்.

"மச்சான், கேப்சூல் போட்டப்ப நீங்களே காப்புக் கட்டி விட்டீங்க."

"அது மருந்து மாப்ள!"

"அதுதான் மச்சான் போதை. இதுதான் மருந்து."

"அப்ப ஒண்ணு கேக்கிறேன். சாமி கும்பிடுற வீடுதானே இது? அந்தக் கிளினிக் ஊபாட் தண்ணி பெருசா, ஆத்தா பெருசா? பத்தே நாள். பத்து நாள் ஆத்தாவை நம்பி அந்தத் தண்ணிய விட முடியாதா உங்களால?"

ஆத்தாள்தான் பெரியவள், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அத்தனை பெரியவள் ஒரு சின்னக் கப்பு மருந்தைப் பார்த்தா ஒதுங்கி நிற்பாள் என்று கேட்டிருக்கலாம். அவர் போன பிறகுதான் அது எனக்குத் தோன்றியது. அவளோ மூலையில் உட்கார்ந்து, கயிறு இல்லாத மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மிஸ்ஸியிடம் கேட்டேன். ஒரு நாள் கூட விடாதீர்கள் என்றார். அதை அப்படியே மச்சானிடம் போய்ச் சொன்னேன். அவரும் இறங்கி வந்தார். "சரி மாப்ள. தங்கச்சி அழுவுறத என்னாலயும் பாக்க முடியல. என் வீட்டுல வந்து விரதம் இருக்கட்டும். காலையில நானே காடிய ஓட்டிக் கூட்டிட்டுப் போயி, குடிக்க வச்சுக் கூட்டிட்டு வந்துர்றேன். ஊருக்கு மட்டும் தெரிய வேணாம்" என்றார். கோயில் தலைவர், கற்பூரம் அணைத்த கையோடு சொன்ன வார்த்தை. நம்பினேன்.

அவர் ஒரு நாள் கூடக் கூட்டிப் போகவில்லை. கயிற்றைக் கட்டுகிற நேரத்தில் அவள் காதில் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்: "காப்பு ஏறினப்புறம் அந்தத் தண்ணிய நெனைச்சே, ஆத்தா உன்னையும் விட மாட்டா, உன் புருஷனையும் விட மாட்டா." பிறகு அவள் எப்படி என்னிடம் சொல்வாள்?

நடுவில் ஒரு சாயங்காலம் பார்க்கப் போனேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. தாவணித் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சளிங்க, பச்சைத் தண்ணியில குளிக்கிறேன்ல" என்றாள். மச்சான் பக்கத்திலேயே நின்றார். "விரத உடம்பு மாப்ள. தொட்டுப் பேசாத, தள்ளி நில்லு" என்றார். தள்ளித்தான் நின்றேன். தொட்டிருந்தால் அந்தக் கோழித்தோல் கைக்குத் தெரிந்திருக்கும்.

பால்குடத்தன்று காலை எண்ணெய் நிலையத்தில் பஸ்ஸுக்கு டீசல் அடித்துக்கொண்டிருந்தேன். கிளினிக் வரிசையில் நிற்கும் அந்த லோரி அட்டெண்ட் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தான்.

"அண்ணே, அக்கா எங்க? ஆளையே காணோம். ஊருக்குப் போயிட்டாங்களா?"

"தினமும் வர்றாளே."

"எங்கண்ணே வர்றாங்க? மிஸ்ஸி தாயே எங்க, தாயே எங்கன்னு எங்களையெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கு. போன் அடிச்சா எடுக்கலையாம்."

டீசல் குழாயை எப்படி மாட்டினேன் என்று நினைவில்லை. பஸ்ஸை நேரே எஸ்டேட்டுக்கு விட்டேன்.

தூரத்திலேயே உறுமியும் தவிலும் கேட்டது. கோயிலுக்கு முன்னால் கூட்டம் வட்டமாய் நின்றது. நடுவில் மஞ்சள் புடவையில் என் மனைவி தரையில் கிடந்தாள். பால் கொட்டி மண்ணெல்லாம் வெள்ளை. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. சமையல்கட்டில் அன்று பார்த்த அதே இழுப்பு. அதே வெள்ளைக் கண். வாயோரம் ரத்தம்.

"அருள் வந்துருச்சு! அடிங்கடா! நல்லா அடிங்க!" என்று மச்சான் கத்தினார். உறுமி ஏறியது. ஒருவர் மஞ்சள் தண்ணீரை அவள் முகத்தில் ஊற்றினார். ஒருவர் அவள் வாயில் எலுமிச்சம்பழத்தைத் திணிக்கப் பார்த்தார். ஒரு பெண்பிள்ளை அவள் காலடியில் விழுந்து கும்பிட்டாள்: "தாயே, என் மவனுக்கு எப்ப வேலை கிடைக்கும்? சொல்லு தாயே!" சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். "தாயே! தாயே! வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லு தாயே!"

நான் எப்படி உள்ளே போனேன், யாரை இடித்தேன் என்று தெரியாது. எலுமிச்சம்பழத்தைத் தட்டிவிட்டு, அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த முறை அது. "அருள் வந்த உடம்பைத் தொடாத மாப்ள, குத்தமாயிரும்!" என்று மச்சான் என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் பெரிய குரலில் பேசாதவன். அன்று கோயில் வாசலில் நின்று, எந்த வாயால் பக்திப் பாட்டுப் பாடுகிறேனோ அதே வாயால் அவரைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. இழுப்பு அடங்கியதும் அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பஸ்ஸின் நீள சீட்டில் கிடத்தினேன். ஒருத்தரும் கூட ஏறவில்லை. மச்சானின் மனைவி, அண்ணி மட்டும் அழுதுகொண்டே ஓடி வந்து ஏறினாள்.

அண்ணிதான் வழியில் சொன்னாள். உடம்பு நடுங்கி, வயிறு போய், தூக்கமே இல்லாமல் கிடந்தாளாம். நடக்கத் தெம்பில்லை, குடத்தை எப்படி எடுப்பேன் என்று அழுதாளாம். அண்ணி தன் முட்டி வலிக்கு வாங்கி வைத்திருந்த கேப்சூலை எடுத்து நீட்டியிருக்கிறாள். பச்சையும் மஞ்சளும். "உங்க மச்சான்தான் குடுக்கச் சொன்னாங்க. அது மருந்துதானே, காப்புக்குக் குத்தமில்லன்னாங்க." என் மனைவி அட்டை மொத்தத்தையும் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்ற இடைஞ்சலாக இருக்கிறதென்று நர்ஸ் மஞ்சள் கயிற்றைக் கத்தரியால் வெட்டினாள். அப்புறம் வந்து சேர்ந்த மச்சான் முதலில் அதைத்தான் பார்த்தார். "காப்பை ஏன்யா வெட்ட விட்டே?" என்றார். என் மனைவி உயிரோடு இருக்கிறாளா என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்.

"கேப்சூலைக் குடுக்கச் சொன்னீங்களா மச்சான்?"

"நான் போதையா குடுத்தேன்? டாக்டர்கிட்ட வாங்குன மருந்துலா அது!"

அவர் பொய் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார். இன்றைக்கும் நம்புகிறார். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கெட்டவனாய் இருந்தால் ஒரேயடியாய் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

யாரோ அதைப் படமும் பிடித்திருக்கிறார்கள். அவள் மண்ணில் வெட்டி இழுக்கிற வீடியோ, கீழே 'அம்மன் அருள்' என்று எழுதி, மூன்று கும்பிடு போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றியது. என் பஸ்ஸில் வருகிற பெண்ணே போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "டிரைவர் அண்ணே, இது நம்ம அக்காதானே? என்னா சக்தி பாருங்கண்ணே! உடம்பே சிலுக்குது." சிக்னலில் பச்சை விழுந்தது, பஸ்ஸை எடுத்தேன்.

அவள் பிழைத்தாள். நாக்கில் தையல் போட்டார்கள். இத்தனை நாள் விட்டதால் பழைய அளவை உடம்பு தாங்காது என்று, சிரப்பைத் திரும்பவும் அடியிலிருந்து கொஞ்சமாய் ஆரம்பித்தார்கள். இறங்கிய இறக்கத்தையெல்லாம் மறுபடி ஏறி, மறுபடி இறங்க வேண்டும்.

முதல் நாள் போனபோது மிஸ்ஸி கண்ணாடிக்குப் பின்னால் கையைத் தட்டினார். "ஹா, தாயே வந்தாச்சு!" என் மனைவி கப்பை வாங்கினாள். குடித்தாள். தண்ணீரும் குடித்தாள். வாயைத் திறந்தாள்.

"தெரிமா காசி."

மிஸ்ஸி முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. இன்றைக்குத் தாயே இல்லையா என்று மலாயில் கேட்டார்.

"தாயே லீவு" என்றாள் என் மனைவி. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நாக்குப் புண்ணோ என்று கேட்டேன். புண் ஆறிவிட்டது என்றாள். பிறகு வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "தள்ளாடினப்பவே, விழுறதுக்கு முன்னாடி எனக்குக் காது கேட்டுச்சுங்க. எல்லாரும் என்னையத் தாயேன்னு கூப்பிட்டாங்க. தண்ணி வேணும்னு கேட்டேன். தண்ணியக் குடுக்கல. மூஞ்சில ஊத்துனாங்க." அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. சாமி மேடையைத் துடைக்கிறாள், எனக்கு விளக்குத் திரி திரித்துக் கொடுக்கிறாள். ஏற்றுவது நான்தான்.

எஸ்டேட் கோயிலில் இப்போது நல்ல கூட்டமாம். போன ஆடியில் ஆத்தாள் நேரிலேயே இறங்கினாள் என்று மச்சான் மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஆத்தாள் மேல் எனக்கு மனக்குறை கிடையாது. கேப்சூல் எங்களை விழுங்கியபோது ஆத்தாள்தான் எங்களுக்கு ஒரு டாக்டரைக் காட்டினாள், ஒரு மிஸ்ஸியைக் காட்டினாள், எண்ணெய் நிலையத்தில் ஒரு லோரி அட்டெண்டைக் கொண்டுவந்து நிறுத்தினாள். இவ்வளவும் செய்தவளின் பெயரை அவள் பிள்ளையின் வாயிலிருந்தே பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கியவர்கள் அவள் சந்நிதியில்தான் மணி ஆட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அது ஆத்தாளுக்கே தெரியும்.

தினமும் காலையில் கிளினிக்கில் என் மனைவிக்குப் பின்னால் நிற்கிறேன். அவள் குடிக்கிறாள், தெரிமா காசி என்கிறாள், நகர்கிறாள். அந்த நேரத்தில் நான் வாய்க்குள்ளேயே, அவளுக்குக் கேட்காமல், தாயே என்று சொல்லிக்கொள்கிறேன். என் வாயில் மருந்து இல்லை. என்னை யாரும் வாயைத் திறந்து பேசச் சொல்வதும் இல்லை.